கொடுத்த மாதிரிக்கு மட்டும்

பன்னிரண்டாம் எண் பேசிக்கொண்டிருக்கிறது. ஆளை எண்ணால் சொல்வது மரியாதை இல்லைதான். ஆனால் திரையில் அவருடைய முகமே இல்லை, சுற்றாத ஒரு மின்விசிறியும் அதன் பக்கத்தில் ஒரு பல்லியும்தான் தெரிகின்றன, போனை மேஜையில் மல்லாக்கப் போட்டுவிட்டு அதைக் குனிந்துகூடப் பார்க்காமல் பேசுகிறார், அப்புறம் என்ன மரியாதை. நான் பதினேழு. நடுவில் இன்னும் நாலு பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள், சேர்மனைப் புகழ்கிறவனுக்கு நாலு ஐந்துகூடக் கிடைக்கும், கேள்வி கேட்கிறவனுக்குத்தான் கடிகாரம் சரியாக ஓடும். ஆதிரா கிராஃபீன் லிமிடெட்டின் ஆண்டுப் பொதுக்கூட்டம், காலை பதினோரு மணி, அவரவர் வீட்டு நாற்காலியில். என் நாற்காலி கொரட்டூரில், சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் இருக்கிறது. மேஜையில் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப், ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு வெள்ளைத்தாள். தாளில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி. உள்ளே திலகவதி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கிறாள், பூவிலிருந்து நரம்பை உருவுவதற்குச் சத்தம் கிடையாது, ஆனாலும் எனக்குக் கேட்கிறது, முப்பத்தோரு வருஷமாகக் கேட்கிறது. என் மைக்கை அவர்கள்தான் திறக்க வேண்டும். அதுவரை நான் பார்க்கலாம், கேட்கலாம், பல்லைக் கடித்துக்கொள்ளலாம். "போர்ச்சுகல்ல நம்ம கொடி பறக்கப்போகுது சார், எனக்குப் புல்லரிக்குது" என்கிறார் பன்னிரண்டு. இவர் கொடி எங்கே பறக்கிறது என்று எனக்குத் தெரியும், இவரிடம் இருக்கிறது பத்து பங்கு, என்னிடம் ஐந்து. கூட்டத்தில் நுழைய ஒன்று போதும். நாங்கள் எல்லாம் அந்த ஜாதி. முப்பது நாற்பது கம்பெனிகளில் ஆளுக்கு ஐந்தும் பத்துமாக வாங்கி வைத்துக்கொண்டு, ஆகஸ்டு செப்டம்பரில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசுகிறவர்கள். ஹால்களில் நடந்த காலத்தில் காபி, சமோசா, ஒரு ஸ்வீட் பாக்ஸ், சில இடங்களில் கம்பெனி பேர் போட்ட பை. திலகவதி காய்கறி வாங்கப் போகிற பை ஒரு சிமென்ட் கம்பெனி கொடுத்தது, அந்தக் கம்பெனி மூடி ஆறு வருஷம் ஆகிறது, பை இன்னும் கிழியவில்லை.

பல்லி மின்விசிறிக்குப் பின்னால் போய்விட்டது. அதற்காவது கேட்டது போதும் என்று தெரிந்திருக்கிறது. பதின்மூன்று வந்தாயிற்று, நங்கநல்லூர் பத்மலோசனி அம்மாள், பட்டுப்புடவை, பின்னால் ஷோகேஸ், ஷோகேஸில் இதுவரை வாங்கிய கம்பெனி நினைவுப் பரிசுகள். போர்ச்சுகல் தொழிற்சாலையைப் பார்க்கப் பங்குதாரர்களை அழைத்துப்போக வேண்டுமாம், விமான டிக்கெட் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், மதியச் சாப்பாடு மட்டும் கம்பெனி ஏற்பாடு செய்யட்டும் என்கிறார். சேர்மன் விஜயரங்கன் திரையின் மேல் மூலையில் சிரிக்கிறார். எந்தத் தொழிற்சாலை அம்மா? அங்கே இருப்பது ஒரு ஷெட். அதுவும் ஒரே ஒரு போட்டோவில் இருக்கிறது. அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு 'ஆதிரா குடும்பம்' என்ற வாட்ஸப் குழு மூன்று மாதமாக ஆடிய ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன், வாயைத் திறக்காமல் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். ஒருத்தன் போட்டோவைப் பெரிதாக்கி ஷெட்டுக்கு வெளியே நிற்கிற கண்டெய்னர்களை எண்ணினான், ஏழு என்றான். இன்னொருத்தன் எட்டாவது நிழலில் இருக்கிறது என்றான். எட்டு என்று முடிவாகி, எட்டு கண்டெய்னர் கிராஃபீன் என்றால் எவ்வளவு விற்றுமுதல் என்று கணக்குப் போட்டு, அன்று சாயங்காலம் குழுவில் பட்டாசு படங்களாக வந்து விழுந்தன. அந்தக் கண்டெய்னர்கள் பக்கத்து மீன் கம்பெனியுடையவை என்று எவனாவது நினைத்தானா? மீன் படம் பக்கவாட்டில் வரைந்தே இருக்கிறது. சேர்மனின் சம்சாரம் ஒரு தேவாலயத்துக்கு முன்னால் நின்ற படம் போட்டால், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், ஒப்பந்தம் கையெழுத்தாகிறது என்கிறார்கள். படம் நின்றுபோனால் ரகசியப் பேச்சுவார்த்தை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக்கு இருக்கிற உலை வருஷத்தில் பாதி நாள் அணைந்து கிடக்கிறது, அதை ஆண்டறிக்கையிலேயே போட்டிருக்கிறான், எண்பத்து மூன்றாம் பக்கம், எறும்பு சைஸ் எழுத்தில். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போகிறான், கீழே நின்று ஆயிரம் பேர் டாட்டா காட்டுகிறார்கள். எனக்கு இவர்கள் மேல் கோபம்கூட வருவதில்லை. கோபம் வரக் கொஞ்சம் மதிப்பு வேண்டும்.

கிராஃபீன் என்றால் இவர்களுக்கு என்ன தெரியும். பென்சிலின் உள்ளே இருக்கிற கரி, அதை ஏடு ஏடாக உரித்துக்கொண்டே போய், கடைசியில் ஓர் அணு கனத்துக்கு ஒரே ஏடு மிஞ்சினால் அது கிராஃபீன், அவ்வளவுதான். அந்த ஒற்றை ஏட்டுக்கு இரும்பை மிஞ்சுகிற வலு உண்டு, அது பொய் இல்லை, சிமென்டில் ஒரு சிட்டிகை, டயரில் ஒரு சிட்டிகை போட்டால் வித்தியாசம் தெரியும், அதுவும் பொய் இல்லை. ஆனால் பத்து ஏடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் பென்சில் தூள். பார்வைக்கு இரண்டும் கறுப்புப் பொடி. எது எது என்று சொல்லச் சோதனைக்கூடம் வேண்டும், அதற்கு நான் வேண்டும், நான் என்றால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்து நாலு வருஷம் கெமிஸ்டாகவும் கடைசி ஒன்பது வருஷம் தலைமைக் கெமிஸ்டாகவும் இருந்த அருணகிரி. 'ஐரோப்பியத் தரச் சான்றிதழ் கிடைத்தது' என்று கம்பெனி பங்குச்சந்தைக்கு அறிவித்த அன்று பங்கு எகிறியது, குழுவில் ஒருத்தன் சான்றிதழைப் பிரின்ட் எடுத்துப் பூஜை அறையில் வைத்துப் படம் போட்டான், சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்து. நான் அதைத் திறந்து படித்தேன். நாலு பக்கம். அது சான்றிதழே இல்லை. ஒரு சோதனை அறிக்கை. கம்பெனிக்காரன் கொடுத்தனுப்பிய இருபது கிராம் பொடியைச் சோதித்தோம், இன்ன இன்ன அளவு வந்தது என்று ஒரு ஆய்வுக்கூடம் எழுதியிருக்கிறது. நாலாம் பக்கத்தின் அடியில் கடைசி வரி: 'இம்முடிவுகள் எங்களிடம் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரியை என் கையால் எத்தனை ஆயிரம் அறிக்கையில் போட்டிருப்பேன். மாதிரி எப்படி வரும் என்று எங்களுக்குத் தெரியாதா. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துடைத்து வைத்துக் கொண்டுவருவான், இருப்பதிலேயே நல்லதைப் பொறுக்கி எடுத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நிறுத்துகிற மாதிரி. நாங்கள் பாட்டிலில் இருப்பதைச் சோதிப்போம். குடோனில் இருப்பது அவன் பாடு. கடைசி வரி எங்களைக் காப்பாற்றும். படிக்கிறவன் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் குதித்தால் அது எங்கள் குற்றமா?

எட்டியப்பன். எங்கிருந்து வந்தான் இவன் இப்போது. பதின்மூன்று முடிந்து பதினான்கு வந்து, பதினான்கின் மைக் கரகரவென்று இரைகிறது, "சார் கேக்குதா, சார் கேக்குதா" என்கிறார் கோயம்புத்தூர்க்காரர், இந்த இரைச்சலில்தான் அந்த ஆள் வந்திருக்க வேண்டும், எங்கள் ஆய்வுக்கூடத்து வாசலில் கொதிகலன் இப்படித்தான் இரையும். அயப்பாக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவன். ஒரு மழை நாளில் மதில் சுவர் அவன் வண்டி மேலும் வலது பாதத்தின் மேலும் விழுந்தது. சுவருக்குப் போட்ட கம்பி சொத்தை. கம்பி விற்ற வியாபாரி எங்கள் அறிக்கையைப் பெரிதாக அச்சடித்துக் கடை வாசலில் மாட்டி வைத்திருந்தான், கீழே என் கையெழுத்து. எட்டியப்பன் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து கேட்டான், "கம்பி நல்லாருக்குன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே சார்." சண்டை போட வந்தவன் மாதிரி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்தவன் மாதிரி கேட்டான், அதுதான் எரிச்சலாக இருந்தது. நான் கோப்பை எடுத்து அறிக்கையின் நகலை விரித்து அடியில் விரலை வைத்துக் கேட்டேன், "கடைசி வரியைப் படிச்சீங்களா?" அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழும் தெரியுமோ என்னவோ. என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சொன்னது முழுக்க முழுக்கச் சரி, எந்தக் கோர்ட்டிலும் நிற்கும், ஒரு கோர்ட்டில் நிற்கவும் செய்தது. அன்று மத்தியானம் டப்பாவில் எலுமிச்சை சாதம். நன்றாக இல்லை என்று சாயங்காலம் திலகவதியிடம் சொன்னேன். அது எதற்கு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை.

"வடைக்கு ஆஞ்சுட்டேன், உங்க முறை வந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்கிறாள். இல்லை என்றேன். "குணா பாத்துட்டிருக்கானாம். போன் பண்ணான்." பார்க்கட்டும், பார்க்கத்தானே சொன்னேன். குணாளன் அவளுடைய தம்பி. டயர் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் ரப்பர் வாசனையில் கிடந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவன், ஓய்வுப் பணத்தில் பாதியை ஏற்கெனவே ஆதிராவில் போட்டவன், வாடகை வீட்டில் இருக்கிறவன். அந்தக் குழுவில் காலையில் முதல் வணக்கம் போடுகிறவன் அவன்தான், உதிக்கிற சூரியன், கீழே கிராஃபீன் வாழ்க. திருநின்றவூரில் ஒரு மனை வைத்திருந்தான். பதினெட்டு வருஷமாக அதில் வீடு கட்டப்போகிறான், வாசல் எந்தப் பக்கம், கிணறு எந்த மூலை என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் திலகவதியிடம் நோட்டில் வரைந்து காட்டுவான், அந்த வரைபடத்தில் படி எப்போதும் தப்பாக இருக்கும், நானும் எப்போதும் சொல்வேன். போன வாரம் அந்த மனையை விற்றுவிட்டான். பணம் பேங்கில் கிடக்கிறது. நேற்றுச் சாயங்காலம் இங்கே வந்து, இதே மேஜையில் இதே நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டான், "மாமா, நாளைக்கு மீட்டிங் முடிஞ்சதும் மொத்தமும் ஆதிராவுல போட்டுடலாம்னு இருக்கேன். போடலாமா, வேணாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க." போடாதே என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான் கேட்டான், அது ஒரு வார்த்தைதான். ஆனால் அவன் கேட்ட விதம், அந்தக் கண், கேழ்வரகில் நெய் வடிகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், சட்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான், எனக்குப் பொறுக்கவில்லை. இவனுக்குத் தனியாகச் சொன்னால் போதாது, அந்தக் குழு மொத்தத்துக்கும், அந்த விஜயரங்கன் முகத்துக்கு நேராக, எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "நாளைக்கு மீட்டிங்ல நான் பேசறேன். உன் காதால கேளு. அப்பறம் முடிவு பண்ணு" என்றேன். அவன் ஒரு கூட்டமும் பார்த்ததில்லை, இன்றைக்குத்தான் முதல். அவன் போன பிறகு திலகவதி, "அவன்கிட்ட நேரா சொல்லிட்டா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள். நாளைக்குக் கேட்கட்டும் என்றேன். நான் அரைகுறையாக எதையும் செய்கிறவன் இல்லை.

அவனுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று திலகவதி ஒரு தடவை கேட்டாள், கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, "மாமா, கிராஃபீன் கிராஃபீன்னு பேப்பர்ல போடறானே, அப்படின்னா இன்னா?" என்று கேட்டான். மொய்க் கவரின் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கி, செல்லோ டேப்பை ஒட்டி எடுத்துக் காட்டி, அரை மணி நேரம் சொன்னேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். நான் கரியைப் பற்றிச் சொன்னேன், கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், அதுதான் உண்மையும்கூட.

பதினைந்து. மயிலாப்பூர் ஹரிகரசுதன், வெண்பா பாடுகிறார். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வெண்பா, பேர் மட்டும் மாறும், ஆதிரா என்று போட்டதில் தளை தட்டுகிறது, அவருக்குக் காது இருந்தால்தானே. முந்தாநாள் கம்பெனி செக்ரட்டரி நிரஞ்சனா எனக்குப் போன் செய்தாள். பேசப் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே போன் செய்து குழைவது அவர்கள் வேலை. "முழங்கால் ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களே சார், இப்ப படி ஏற முடியுதா?" போன வருஷம் நான் சொன்னது, எங்கேயோ குறித்து வைத்திருக்கிறாள். "உங்கள மாதிரி டெக்னிக்கல் ஆளுங்க பேசினா எங்களுக்குப் பெரும சார். கொஞ்சம் பாசிட்டிவா பேசுங்க சார்." பாசிட்டிவ். என்ன தளுக்கு. முழங்காலைப் பற்றி என் மகளே கேட்பதில்லை, அது வேறு விஷயம். போனை வைத்த பிறகு படியில் ஏறி இறங்கிப் பார்த்தேன், வலி இல்லை. இவளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், எல்லோரும் சொல்வார்கள், சொல்லாவிட்டால் அநாகரிகம், ஒரு வரி. சேர்மனுக்கு ஒரு வரி. அது கடிதத்தில் நலம் நலமறிய ஆவல் மாதிரி, யாரும் அதைப் படிப்பதில்லை. பிறகு கேள்வி. தாளை எடுத்து மறுபடி படித்துப் பார்க்கிறேன். 'இந்தச் சான்றிதழ் நீங்கள் விற்கிற பொருளுக்கா, நீங்கள் கொடுத்த இருபது கிராம் மாதிரிக்கா?' அவ்வளவுதான். ஊசி மாதிரி கேள்வி. விஜயரங்கன் தண்ணீர் குடிப்பார், பக்கத்தில் இருக்கிற டைரக்டரைப் பார்ப்பார், குழுவில் ஒரு நிமிடம் எவனும் எதுவும் போட மாட்டான், அப்புறம் எல்லாரும் நாலாம் பக்கத்தைத் திறப்பார்கள். குணாளன் திறப்பான். வாய் உலர்கிறது. வெந்நீர் ஆறிவிட்டது. இதற்கு ஏன் வாய் உலர வேண்டும், நான் பார்க்காத கூட்டமா. கட்டைவிரல் நகத்துக்கு அடியில் சிவப்பு மை. பதினாறாம் எண் இணைப்பில் இல்லையாம். அதற்குள்ளாகவா.

"ஸ்பீக்கர் நம்பர் செவன்டீன், திரு. அருணகிரி, உங்க மைக் ஓப்பன் பண்ணியிருக்கோம் சார், பேசலாம் சார்." திரையில் என் முகம் வருகிறது, பெரிதாக, மூக்குக்குக் கீழே வெளிச்சம் படாமல். இத்தனை கிழவனா. தமிழிலேயே பேசலாம் என்று சேர்மன் பெரிய மனது பண்ணியிருக்கிறார். மதிப்பிற்குரிய சேர்மன் அவர்களே, மாண்புமிகு இயக்குநர்களே, சக பங்குதாரப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம், என் பெயர் அருணகிரி, கொரட்டூரிலிருந்து பேசுகிறேன். என் குரல் நன்றாக இருக்கிறது, கனமாக வருகிறது, ஹாலில் பேசின காலத்தில் கடைசி வரிசைவரை மைக் இல்லாமல் எட்டும். ஆண்டறிக்கையைப் புத்தகமாகவே அனுப்பிவைத்த செக்ரட்டரி நிரஞ்சனா அவர்களுக்கு நன்றி, முதியவர்களின் உடல்நலத்தைக்கூட விசாரிக்கும் அந்தப் பண்பு இந்தக் கம்பெனியின் பண்பு. இது தாளில் இல்லை, எங்கிருந்து வந்தது, பரவாயில்லை, திரையின் ஓரத்தில் அவள் கைகூப்புகிறாள். நான் முப்பத்து நாலு ஆண்டுகள் பொருள் சோதனைத் துறையில் இருந்தவன், தலைமைக் கெமிஸ்டாக ஓய்வு பெற்றவன். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கேள்விக்கு என்ன எடை. கிராஃபீன் என்பது சாதாரணப் பொருள் அல்ல, ஒற்றை அணு ஏடு, இரும்பை விஞ்சும் வலு, எதிர்காலத்தின் மூலப்பொருள். விஜயரங்கன் தலையாட்டுகிறார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார், நிஜமாகவே கேட்கிறார். எத்தனை நாளாயிற்று இப்படி ஒருத்தன் கேட்டு. இப்படிப்பட்ட பொருளைத் தமிழ்நாட்டு மண்ணில் உற்பத்தி செய்து கடல் கடந்து கொண்டு போகும் துணிச்சல் சேர்மன் அவர்களைத் தவிர வேறு யாருக்கு வரும். இது யார் வாக்கியம், பன்னிரண்டுடையதா, நான் முப்பது கம்பெனிகளில் சொல்லித் தேய்ந்த வாக்கியம், துணி கம்பெனியில் துணி என்று வரும், மருந்துக் கம்பெனியில் மருந்து என்று வரும், நாக்கு தானாக உருட்டிக்கொண்டு போகிறது, நான் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன். "சார், தர்ட்டி செகண்ட்ஸ் சார்." முப்பதா? இதோ வந்துவிட்டேன். அடுத்ததாக, நமக்குக் கிடைத்திருக்கும் ஐரோப்பியச் சான்றிதழைப் பற்றி ஒரு தலைமைக் கெமிஸ்ட் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன். சான்றிதழ் என்பது ஒரு கம்பெனியின் உயிர். அந்தச் சான்றிதழை நான் நாலு பக்கமும் முழுமையாகப் படித்தேன். இதில் எனக்கு ஒரே ஒரு கேள்வி. இந்தச் சான்றிதழ் நீங்கள் விற்கிற பொருளுக்கா, நீங்கள் கொடுத்த இருபது கிராம் மாதிரிக்கா? கடைசி வரியைச் சேர்மன் அவர்கள் படித்தார்களா? கேட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் திரையில் என் முகம் இல்லை. மைக் படத்தின் மேல் ஒரு கோடு கிழித்திருக்கிறது. எப்போது கிழித்தார்கள்? 'முழுமையாகப் படித்தேன்' என்பதற்குப் பிறகா, 'ஒரே ஒரு கேள்வி' என்பதற்குப் பிறகா? "தேங்க்யூ சார், டைம் முடிஞ்சுது, வேற ஏதாவது இருந்தா மெயில் பண்ணுங்க சார்." நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன், சாப்பாட்டு மேஜையோடு. விஜயரங்கன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடையில் புகுகிறார், பதினெட்டைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறார். "அருணகிரி சாருக்கு ரொம்ப நன்றி. தர்ட்டி ஃபோர் இயர்ஸ் டெஸ்டிங்ல இருந்த ஒரு சீஃப் கெமிஸ்ட் நம்ம சர்ட்டிஃபிகேட்ட நாலு பக்கமும் படிச்சுட்டு வாழ்த்தியிருக்கார். இதவிட பெரிய சர்ட்டிஃபிகேட் எனக்கு வேணாம்."

போன் அதிர்கிறது. குழு. தலைமைக் கெமிஸ்டே சொல்லிவிட்டார், தலைமைக் கெமிஸ்டே சொல்லிவிட்டார், என் படம், மூக்குக்குக் கீழே வெளிச்சம் இல்லாத என் படம், கீழே பட்டாசு, யார் அந்தப் பெரியவர், நம்ம குணாளன் சாரோட மாமாவாம். அடிமுட்டாள்கள். புகழ்ச்சியை ஐந்து நொடி முன்னால் நிறுத்தியிருந்தால், நிரஞ்சனாவை விட்டிருந்தால், கொரட்டூரை விட்டிருந்தால். நான் கேள்வியை எங்கே வைத்தேன்? அடியில் வைத்தேன். நாலாம் பக்கத்தின் அடியில். யாருக்கு அது படும், யார் அவ்வளவு தூரம் வருவார்கள், எனக்கு முப்பத்து நாலு வருஷமாகத் தெரிந்த விஷயம் இது. எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகக்கூட இல்லை, வெறும் பயம். குழுவை மூடிவிட்டு அவன் எண்ணைத் தேடுவதற்குள் அவனே கூப்பிட்டான்.

"மாமா! கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். போட்டுட்டேன் மாமா." எதை என்றேன், தெரிந்துகொண்டே. "மொத்தத்தையும்தான். நீங்க பேசிட்டிருக்கும்போதே போட்டுட்டேன், உடனே விலை ஏறிடும்னு." அவன் குரல் தழுதழுத்தது. "முப்பத்தோரு வருஷமா உங்கள பாக்கறேன் மாமா. ஒண்ண நல்லாருக்குன்னு நீங்க சொல்லி நான் கேட்டதேயில்ல. என் கல்யாண சாப்பாட்ட சொன்னீங்களா? எங்க அக்கா சமையல சொன்னீங்களா? நான் மனைக்கு போட்ட பிளான, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொன்னீங்களா? நீங்களே வாய் நெறய பாராட்டறீங்கன்னா, அதுல எவ்ளோ இருக்கணும்! அக்காகிட்ட போன குடுங்க, நான் சொல்றேன்." நான், குணா, இரு என்றேன். அவன் இருக்கவில்லை, வாசல் வடக்குப் பக்கம், இந்தத் தடவை திருநின்றவூர் இல்லை, கொரட்டூரிலேயே, உங்க தெருவிலேயே என்று போய்க்கொண்டிருந்தான். "குணா, நான் கடைசியா ஒரு கேள்வி கேட்டேனே, அத கேட்டியா?" நிஜமாகவே யோசிக்கிறான்.

"எந்தக் கேள்வி மாமா?"

அவன் கேட்ட விதம் எனக்குத் தெரிந்த விதம். சண்டை போடாமல், தெரிந்துகொள்வதற்காக. நான் அறிக்கையையும் இருபது கிராமையும் சொல்ல வாயெடுத்தேன், அது நீளம், அதற்கு மறுபடி மூன்று நிமிடம் வேண்டும். "வித்துடு" என்றேன். "இப்பவே வித்துடு குணா. அது சரியில்ல. நான் சொல்றத கேளு." நேற்றே சொல்லியிருக்க வேண்டிய குரலில்தான் சொன்னேன், கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் கடகடவென்று சிரித்தான். "ஆரம்பிச்சுட்டீங்களா மாமா! ஒரு நாளாவது கிண்டல் பண்ணாம இருக்க முடியாதா உங்களால? எல்லாரும் கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க, வச்சுடறேன், சாயங்காலம் ஸ்வீட்டோட வரேன்." மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை, அவன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். திரையில் இருபதாம் எண் செக்ரட்டரிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது. வாழைப்பூ வடை எண்ணெயில் விழுகிற சத்தம். திலகவதி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அவன்தானே? நேரா சொல்லிட்டீங்களா, வேணாம்னு?"

"சொல்லிட்டேன்."

"அப்பாடா. என்ன சொன்னான்?"

"சிரிச்சான்."